ஆமைப்புல்லில் சிக்காத ஃப்ளை எது? ஃப்ளோரிடா கீஸுக்காக ஆறு போன்ஃபிஷ் ஃப்ளைகள், ஒரு மதிப்பீடு

ஃப்ளை (தூண்டில் முள்ளில் ரோமமும் இறகும் கட்டிச் செய்யும் செயற்கை இரை) விற்கும் கடைகளில், ஆழமற்ற கடலில் மேயும் போன்ஃபிஷ் மீனுக்கென்று "போன்ஃபிஷ் தொகுப்பு" என்று பன்னிரண்டு ஃப்ளைகளை ஒரே பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். இளஞ்சிவப்பு, வெள்ளை, முத்து மினுக்கு என்று பார்க்கக் கண்ணைப் பறிக்கும். அந்தப் பெட்டியோடு பஹாமாஸ் போனால் பிழைத்துக்கொள்ளலாம். மயாமியை ஒட்டிய பிஸ்கேன் விரிகுடாவிலோ, அங்கிருந்து தென்மேற்கே நீளும் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் உட்பக்கத்திலோ இறங்கினால், மூன்றாவது இழுப்பில் ஃப்ளையில் ஒரு முழம் புல் தொங்கும். ஃப்ளை மோசம் என்று சொல்ல முடியாது. வெள்ளை மணலுக்காகப் பிறந்ததைக் கொண்டுபோய்ப் புல்லுக்குள் போட்டால் அப்படித்தான் ஆகும்.

ஃப்ளோரிடாவின் இந்த ஆழமற்ற கடல்தரையில் பெரும்பகுதியை மூடியிருப்பது ஆமைப்புல். மன்னார் வளைகுடாவில் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு வகை வளர்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் புல் புதிதாகத் தெரியாது. நாடா மாதிரி தட்டையான இலை, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு அடி உயரம் வரை வளரும். அதன் மேல் கணுக்கால் முதல் முழங்கால் வரை தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் போன்ஃபிஷ் தலையைப் புல்லுக்குள் புதைத்து, வாலை வெளியே நீட்டி, நண்டும் இறாலும் கிளறித் தின்னும். முதுகு மூழ்கினால் போதும் என்கிற ஆழத்தில் நிற்கிற மீன், வானத்தில் பறவையின் நிழல் போனாலே ஓடும். ஒரு கிராம்கூட எடையில்லாத ஃப்ளை "டொப்" என்று விழுந்தாலும் ஓடும்.

மணலில் செய்யும் வேலை எளிது. மீனுக்கு முன்னால் ஃப்ளையைப் போட்டு, தரைக்கு இறக்கி, அப்படியே கிடத்திவிட்டு, மீன் நெருங்கும்போது ஒரு சின்ன இழுப்பு. வெள்ளைத் தரையில் அது பளிச்சென்று தெரியும். புல்லில் தரைக்கு இறக்கினால் ஃப்ளை காணாமல் போய்விடும். மீனுக்கும் தெரியாது, முள்ளும் இலையில் மாட்டிக்கொள்ளும். அதனால் புல்லுக்கான ஃப்ளையிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எதைப் போல இருக்கிறது?" அல்ல, "எப்படி இறங்குகிறது?" என்பதுதான். புல் நுனிகளுக்கு மேலே இரண்டு மூன்று இழுப்புகள் தாக்குப்பிடிக்க வேண்டும். புல்லுக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும் மணல்குழி வந்ததும் அதற்குள் மெதுவாகச் சரிய வேண்டும். கடி பெரும்பாலும் அந்தச் சரிவில்தான் விழும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நீரோட்டம் (நம் கடற்கரையில் நீவாடு என்பார்கள்) புல்லைச் சாய்த்துப் படுக்க வைக்கிறது. ஓட்டம் வரும் பக்கம் வேர், போகும் பக்கம் நுனி. தலைமுடி வாருவதை நினைத்துக்கொள்ளுங்கள்: வேரிலிருந்து நுனிக்கு இழுத்தால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்கு இழுத்தால் சிக்கும். போன்ஃபிஷ் பெரும்பாலும் ஓட்டத்தை எதிர்த்தே மேய்கிறது. இரையின் வாசனை அங்கிருந்துதான் வருகிறது. வீசுபவர் ஓட்டத்தின் மேல்பக்கம் நின்று வீசினால், ஃப்ளை மீனைக் கண்டு ஓடுவது போல நகரும். மீன் நம்புவது ஃப்ளை இப்படித் தப்பி ஓடுவதைத்தான். சிக்கலும் இங்கேதான்: இந்த இழுப்பு நுனியிலிருந்து வேருக்குப் போகும் இழுப்பு. மீனை ஏமாற்றச் சரியான கோணம் எதுவோ, புல்லில் மாட்டவும் அதுவே சரியான கோணம். ஆகவே முள்முனை மேல்நோக்கி இருப்பதும் புல்தடுப்பு (முள்முனையில் புல் மாட்டாமல் காக்கும் நரம்பு) இருப்பதும் இங்கே கட்டாயம்.

இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழேயுள்ள ஆறும் மதிப்பிடப்படுகின்றன. எல்லாமே பல கம்பெனிகள் கட்டி விற்கும் பொது வடிவங்கள். கட்டுபவரின் கைக்கேற்பத் தரம் மாறும்.

கிரேஸி சார்லி

1977ல் பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில், வழிகாட்டி சார்லி ஸ்மித்தோடு மீன் பிடிக்கப் போன பாப் நாஹைம் உருவாக்கியது. அதற்கு முன் இருந்த கடல் ஃப்ளைகளோடு வைத்துப் பார்த்தால் இதன் எளிமை தெரியும்: மினுக்குத் தாளின் மேல் தெளிந்த நைலான் நரம்பு சுற்றிய ஒல்லி உடம்பு, ஒரு பிடி ரோமமோ இறகோ, சாவிக்கொத்தில் வருமே அந்த மணிச்சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு மணிகள் கண்ணாக. கண்களை முள்ளின் தண்டுக்கு மேல்பக்கம் கட்டுவதால் எடை கவிழ்ந்து, தண்ணீரில் முள்முனை மேலே பார்க்கும். இன்றைய போன்ஃபிஷ் ஃப்ளைகள் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டுக்குக் கடன்பட்டவை.

புல்லில் இதன் குறை அதன் ஒல்லி உடம்பு. தண்ணீரைத் தடுத்துப் பிடிக்க ஒன்றுமில்லாததால் எடைக்கு மீறிய வேகத்தில் ஊசி போலக் குத்தி இறங்கும். இறகு மெலிதாக இருப்பதால் முள்முனையை மறைப்பதும் இல்லை. கடையில் விற்பவற்றில் பெரும்பாலும் புல்தடுப்பு கிடையாது. 6 எண் முள்ளில் (எண் குறையக் குறைய முள் பெரிதாகும்), சின்ன மணிக் கண் வைத்தது இரண்டு போதும். புல்லுக்கு நடுவில் கார் அளவுக்கு மணல்குழி தெரிந்தால் அதற்கு மட்டும் வீசலாம். அதற்கு மேல் இங்கே இதற்கு வேலை இல்லை.

காட்ச்சா

இதுவும் ஆண்ட்ரோஸ் பிள்ளைதான். முத்து நிறப் பின்னல் உடம்பு, மணல் நிறச் செயற்கை ரோமம், இளஞ்சிவப்பு நூல் மூக்கு. பஹாமாஸில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆமைப்புல்லின் கரும்பச்சைக்கு மேல் இந்த மினுக்கு கொஞ்சம் அதிகம், அதுவும் வெயில் உச்சியில் இருக்கும்போது. சார்லிக்குச் சொன்ன எல்லாக் குறையும் இதற்கும் பொருந்தும். விட்டுவிடலாம்.

போர்ஸ்கி ஸ்லைடர்

ஆறில் ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருந்தால் இதைத்தான் வாங்கவேண்டும். ஓவியரும் ஃப்ளை கட்டுபவருமான டிம் போர்ஸ்கி ஃப்ளோரிடா கீஸ் தண்ணீருக்காக உருவாக்கியது. புல்லைப் பார்த்துப் பார்த்துச் செய்தது என்பது ஒவ்வொரு பாகத்திலும் தெரிகிறது.

வாலுக்கு மணல் நிறச் செயற்கை ரோமம். அதன் மேல் அழியாத மார்க்கரால் போட்ட கறுப்பு, பழுப்புப் பட்டைகள். நடுவில் வரிக்கோழி இறகு சுற்றப்பட்டிருக்கும். தலைக்கு மான் முடியைச் சுழற்றிக் கட்டி, கத்தரித்துத் தட்டையாக்கியிருப்பார்கள். கண் சின்னதாக இருக்கும். மான் முடியின் உள்ளே காற்று அடைந்திருப்பதால் அது மிதக்கப் பார்க்கும். கண்ணின் எடை இறக்கப் பார்க்கும். இந்த இழுபறியில்தான் ஃப்ளை நமக்கு வேண்டிய மெதுவான வேகத்தில் சரிகிறது. தண்ணீரில் விழும்போது அடியை வாங்குவதும் அந்த முடித் தலைதான். அதனால் ஓசை மிகக் குறைவு. வால் நீட்டிய மீனுக்கு ஒன்றிரண்டு அடி பக்கத்தில் போட வேண்டியிருக்கும் (தலை புல்லுக்குள் இருப்பதால் அதற்கு அப்பால் அது எதையும் பார்ப்பதில்லை). அவ்வளவு கிட்டே துணிந்து போட முடிகிற கனமான ஃப்ளைகள் சிலவே.

ஃப்ளோரிடாவின் போன்ஃபிஷ் பஹாமாஸ் மீனைவிடப் பொதுவாகப் பெரியது. இறாலோடு நிற்காமல், புல்லுக்குள் ஒளிந்திருக்கும் தேரைமீன் குஞ்சுகளையும் விழுங்குகிறது. பட்டை போட்ட வாலும் அகன்ற தலையும் கொண்ட ஸ்லைடர் இறாலாகவும் தெரியும், தேரைமீனாகவும் தெரியும். முள் எண் 4 சரியான அளவு. பெரிய மீன் திரியும் இடத்தில் 2 எண்ணும் போகலாம்.

குறைகளும் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்ததும் வீசினால் முடித்தலை காய்ந்திருப்பதால் ஃப்ளை தண்ணீர் மேல் கார்க் போல உட்கார்ந்துவிடும்; முதல் வாய்ப்பு அங்கேயே போச்சு. வீசுவதற்கு முன் தண்ணீருக்குள் அமுக்கி, விரலால் நாலு முறை பிழிந்து காற்றை வெளியேற்றுங்கள். மாலைக்குள் அதே தலை தண்ணீர் குடித்துக் கனத்து, காலையில் இருந்ததைவிட வேகமாக இறங்கும். அப்போது உலர்ந்த ஒன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் கட்டியவற்றில் அடிக்கடி காண்கிற பிழை, தலையைக் கொழுக்கட்டை போல உருட்டி விட்டுவிடுவது. முள்முனைப் பக்கம் முடி அதிகம் இருந்தால் முள்ளின் வாய் அடைபடும். மீன் கடிக்கும், மாட்டாது. புது பிளேடால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒட்டச் சீவிவிட்டால் சரியாகும். வால் நீளம் முள்தண்டின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் வீசும்போது முள் வளைவில் சுற்றிக்கொள்ளும். கத்தரிக்கோலை நிமிர்த்திப் பிடித்து நுனியைக் கலைத்து வெட்டுங்கள், கிடையாக ஒரே வெட்டாக வெட்டினால் பெயின்ட் பிரஷ் மாதிரி ஆகிவிடும்.

மெர்க்கின்

டெல் பிரவுன் பெர்மிட் மீனுக்காக உருவாக்கிய நண்டு. ஃப்ளையில் 513 பெர்மிட் பிடித்தவர் என்று இந்த உலகம் அவருக்குக் கணக்கு வைத்திருக்கிறது. பெர்மிட்டை ஒருமுறையாவது துரத்திப் பார்த்தவருக்கு அந்த எண்ணின் கனம் புரியும். தரைவிரிப்புக்கான கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி, முள்தண்டுக்குக் குறுக்கே எட்டுப் போட்டுக் கட்டி, வட்டமாகக் கத்தரித்தால் நண்டின் ஓடு தயார். பக்கத்தில் ரப்பர் கால்கள், பின்னால் பிரிந்து நிற்கும் கோழி இறகு நுனிகள், முன்னால் ஈயக் கண். எடை முழுவதும் முன்னால் இருப்பதால் இழுப்பை நிறுத்தியதும் தலைகீழாகக் குப்புறப் பாயும். ஆபத்தைக் கண்ட நண்டு செய்வதும் அதுதான்.

அந்தப் பாய்ச்சல்தான் புல்லில் இதற்கு எமன். பெர்மிட்டுக்கென்று விற்கும் மெர்க்கினில் ஈயக் கண் பெரும்பாலும் ஒரு அவுன்ஸில் 24ல் ஒரு பங்கு, அதாவது 1.2 கிராம் அளவில் இருக்கும். முழங்கால் ஆழப் புல்லில் அது நேராக வேருக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். போன்ஃபிஷுக்கு அவுன்ஸில் 50ல் ஒரு பங்கு, சுமார் 0.6 கிராம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் கணுக்கால் ஆழம்தான் என்றால் ஈயத்தையே விட்டுவிட்டு மணிக்கண் வைத்ததைத் தேடுங்கள். கண்ணின் எடையைப் பொட்டலத்தில் எழுதியிருப்பது அரிது. இரண்டு ஃப்ளைகளை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் கைக்குத் தெரிந்துவிடும்.

வாங்கும்போது வட்டத்தின் அகலத்தைப் பாருங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிட அகலமாக இருந்தால் காற்றில் விசிறி போலச் சுழன்று, லீடரை (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) முறுக்கிப் போடும். ஓட்டின் இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். ரப்பர் கால்கள் நீளமாக விட்டிருப்பார்கள், கடையில் அழகாகத் தெரியட்டும் என்று. முள் வளைவைத் தாண்டுகிற அளவை வெட்டிவிடுங்கள். கம்பளி நூலுக்கிடையே பசை அதிகம் பூசி ஓடு கல்லாக இறுகியிருந்தால் வாங்காதீர்கள். கடித்தவுடன் மீன் துப்பிவிடும். நிறத்தில் ஆலிவும் பழுப்பும் புல்லுக்கு. மணல் நிறம் குழிக்கு.

புல்மேட்டில் இதைப் பயன்படுத்தும் முறை வேறு. இழுத்து இழுத்து ஓட்டக்கூடாது. மீன் வரும் வழியில் போட்டு, லைனில் தளர்வில்லாமல் வைத்துக்கொண்டு, மீன் பார்த்ததும் விழவிடுவது மட்டுமே. அது புல்லுக்குள் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. எடுத்து மறுபடி வீசுவதற்குள் மீன் போயிருக்கும். ஒரே ஒரு வாய்ப்புள்ள ஃப்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போதும்.

பெண்ட்பேக்

முள்தண்டை, முள்ளின் கண்ணுக்கு (நூல் கோக்கும் துளை) சற்றுப் பின்னால், லேசாக வளைத்துவிட்டுக் கட்டுவது. அந்த வளைவாலும் மேலே கட்டிய ரோமத்தாலும் முள்முனை மேல்நோக்கித் திரும்பி, ரோமத்துக்குள் ஒளிந்துகொள்ளும். தனியாகப் புல்தடுப்பு தேவையில்லை, கண் எடையும் தேவையில்லை. ஓர் அடிக்கும் குறைவான தண்ணீரில், புல் நுனிகள் மேலே வந்து மடிந்து கிடக்கும் வற்றுநேரத்தில், இதைப் போலச் சிக்காமல் வருவது வேறொன்றுமில்லை.

ஆனால் வளைவு "லேசாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டுபவர் அதிகமாக வளைத்துவிட்டால் முள்முனை மீனின் வாயில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கடையில் ஒன்றைக் கையில் எடுத்து, முள்ளின் கண்ணில் நூலைக் கோத்து இழுத்துப் பாருங்கள். இழுக்கும் கோடு முள்முனைக்கு மேலே போகிறது என்றால் அந்த ஃப்ளை வீண். மேலே கட்டிய ரோமம் முரட்டு மான்வால் முடியாக, கெட்டியாக இருந்தாலும் முள் குத்தாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடித்ததெல்லாம் மாட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வைத்துக்கொள்ளலாம். சதுப்பு மர வேர்களுக்குள் ஸ்னூக் மீனுக்கு வீசவும் உதவும் என்பதால் காசு வீணாகாது.

சீடூசர்

பழைய பாணி. ஹோமர் ரோட் என்ற ஃப்ளை கட்டுபவரின் காலத்து ஃப்ளோரிடா ஃப்ளையின் வழிவந்தது. பின்னால் இரண்டு பக்கமும் விரிந்த நீள இறகுகள், முன்னால் தண்டு முழுக்கச் சுற்றிய கோழி இறகு. எடை எதுவும் இல்லை. சருகு விழுவது போல விழும், விழுந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டு இறகுகளை மட்டும் அசைக்கும். காற்றில்லாத விடியலில், கண்ணாடி போன்ற தண்ணீரில், வால் தெரியும் பெரிய மீனுக்கு ஸ்லைடரைவிட இது நல்லது என்றே சொல்லவேண்டும்.

எடையில்லாததால் முள்முனை கீழ்நோக்கியே இருக்கும். ஆகவே புல்தடுப்பு இல்லாத சீடூசரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காற்று எழும்பிய பிறகு இதை வீசுவது கோழியையே வீசுவது மாதிரி. ஃப்ளோரிடாவில் காலை பத்து மணிக்கு மேல் காற்றில்லாத நாள் குறைவு.

புல்தடுப்பு

மேலே சொன்னவற்றில் பெண்ட்பேக்கைத் தவிர மற்ற எதற்கும் இதுதான் உயிர்நாடி. ஆனால் கடைகள் மிக அலட்சியமாகக் கட்டுவதும் இதைத்தான். இரண்டு விதம் உண்டு. ஒன்று, முள் வளைவிலிருந்து முள்ளின் கண் வரை ஒற்றை வளையமாக வரும் நரம்பு. இன்னொன்று, அந்தக் கண்ணுக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளாகப் பிரிந்து முள்முனையின் இருபக்கமும் நிற்பது. புல்லுக்கு இரண்டாவது விதமே மேல். ஆமைப்புல் இலை தட்டையாக இருப்பதால் ஒற்றை வளையத்தின் பக்கவாட்டில் நழுவி முள்ளைப் பிடித்துக்கொள்கிறது; இரண்டு கொம்புகளுக்கிடையே அதற்கு வழி குறைவு.

கொம்பின் நீளம் முள்முனையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாண்டினால் போதும். அதைவிட நீளமாக இருந்தால் வெட்டுங்கள். தடிமன்: 4 எண் முள்ளுக்கு 20 பவுண்டு இழுவை தாங்கும் கெட்டி நரம்பு, 6 எண்ணுக்கு 15 பவுண்டு. கடையில் சோதிக்கும் முறை எளிது. விரல் நுனியால் கொம்பை முள்முனைப் பக்கமாக அழுத்துங்கள். எதிர்ப்பில்லாமல் மடங்கி, விட்டதும் நிமிர வேண்டும். அழுத்தும்போது விரலில் குத்துகிற அளவுக்கு விறைப்பாக இருந்தால் மீனின் வாயும் அதை மடக்காது. நாள்பட்ட ஃப்ளையில் கொம்பு ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்; வெந்நீரில் சில விநாடி காட்டி விரலால் நிமிர்த்தினால் திரும்ப நிற்கும். மணல்குழிக்கு மாறும்போது ஒரு கொம்பை மட்டும் வெட்டிவிடும் வழிகாட்டிகளும் உண்டு. மோசமான யோசனை இல்லை, ஆனால் வெட்டிய கொம்பு திரும்ப வளராது.

மற்ற சோதனைகள்

மணிக் கண்ணையோ ஈயக் கண்ணையோ இரு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். லேசாகச் சுழன்றாலும் அந்த ஃப்ளை பத்து வீச்சில் கோணிக்கொண்டு, பக்கவாட்டில் படுத்து நீந்தும். குறுக்குக் கட்டு போதாததுதான் காரணம். ஏற்கெனவே வாங்கிவிட்டால் கண்ணடியில் ஒரு துளி உடனடிப் பசை விட்டு, ஓர் இரவு காயவிடுங்கள். தலை நூலில் வார்னிஷ் இல்லாவிட்டால் அதற்கும் ஒரு துளி.

வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஃப்ளையை நன்றாக நனைத்து, ஓரடித் தண்ணீரில் விட்டு, நிதானமாக எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் அடியைத் தொட்டால் அது மணலுக்கு. நான்கைந்து எண்ணுகிற நேரம் எடுத்தால் புல்லுக்கு. மிதந்துகொண்டே இருந்தால் திரும்ப நனைத்துப் பாருங்கள். முள்முனை மேலே பார்க்கிறதா, ஃப்ளை நேராக நிற்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். வாளியில் கவிழ்ந்து விழுகிற ஃப்ளை கடலில் மட்டும் நிமிர்ந்துவிடாது.

கம்பும் லைனும் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 8 எண் கம்பு, வெப்பமண்டலக் கடலுக்கான மிதக்கும் லைன். 8 எண் என்றால் லைனின் முதல் 30 அடி எடை 210 கிரெயின், சுமார் 13.6 கிராம் என்பது அளவுகோல். குளிர்நாட்டு நன்னீர் லைனை இங்கே கொண்டுவந்தால் வெயிலில் வேகவைத்த இடியாப்பம் போலத் துவண்டுவிடும். ஃப்ளையின் நடத்தையை அதிகம் மாற்றுவது லீடர்தான். முடிச்சுப் போட்டுச் சேர்த்த லீடர் வேண்டாம். மிதந்து வரும் செத்த இலைகள் ஒவ்வொரு முடிச்சிலும் ஏறிக்கொள்ளும், பிறகு வழுக்கி வந்து ஃப்ளையின் மூக்கில் உட்காரும். முடிச்சில்லாமல் சீராக மெலியும் 10 முதல் 12 அடி லீடர், நுனியில் 12 பவுண்டு நரம்பு. ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் இறங்கும், நைலான் அதைவிட மேலே நிற்கும்; புல் நுனி வரை மட்டும் ஃப்ளையை ஓட்ட வேண்டிய கணுக்கால் தண்ணீரில் நைலானே போதும். எல்லோரும் ஃப்ளோரோகார்பன் வாங்குகிறார்கள் என்பதற்காக நீங்களும் வாங்க வேண்டியதில்லை. ஃப்ளையைச் சின்ன வளைய முடிச்சில் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் ஸ்லைடரின் சரிவு பாதி கெட்டுவிடும். வளையம் பெரிதானால் அதில் புல் மாட்டும். ஓர் உளுந்து நுழைகிற அளவு போதும்.

கடி விழுந்ததும் கம்பைத் தூக்கக்கூடாது. தூக்கினால் ஃப்ளை மீன் முன்னாலிருந்து தாவிப் போய்விடும். மீன் கடிக்கத் தவறியிருந்தால் இரண்டாவது வாய்ப்பும் போகும். கம்பு நுனியைத் தண்ணீரில் தாழ்த்தி வைத்து, இடது கையால் லைனை நீளமாக ஒரே இழுப்பு. புல்தடுப்பு மடங்க வேண்டும் என்பதால் மணலில் இழுப்பதைவிட இங்கே கொஞ்சம் அழுத்தமாக இழுக்க வேண்டியிருக்கும். மாட்டிய மீன் ஓடத் தொடங்கியதும் கம்பை உயர்த்திப் பிடியுங்கள். லைன் தண்ணீரில் கிடந்தால் புல்லை அள்ளிக்கொண்டே போய், அந்தப் பாரத்திலேயே நுனி நரம்பு அறுந்துவிடும்.

2013 முதல் ஃப்ளோரிடாவில் போன்ஃபிஷை வைத்துக்கொள்ள அனுமதியில்லை. பிடித்தால் விட்டுவிட வேண்டும். ஆகவே மீன் நழுவாமல் பிடிக்க முள்முனைக்குக் கீழே இருக்கும் சின்னச் செதிலை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முள் சட்டென்று கழலும், மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவும் வேண்டியிருக்காது. களைத்த மீனைச் சுறா மோப்பம் பிடித்து வருவது இந்தப் புல்மேடுகளில் அன்றாடம்.

விலை அமெரிக்கக் கடைகளில் ஃப்ளை ஒன்றுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது டாலர், நண்டுகளுக்கு மேல்முனை. மூன்று நாள் பயணத்துக்கு ஸ்லைடர் ஆறு (நான்கு 4 எண்ணில், இரண்டு 6 எண்ணில்; பாதி ஆலிவ், பாதி மணல் நிறம்), மெர்க்கின் மூன்று, பெண்ட்பேக் இரண்டு, சீடூசர் இரண்டு, சார்லி இரண்டு. ஒரே அளவில் ஒரே எடையில் பன்னிரண்டு வாங்குவதைவிட, ஒரே வடிவத்தை இரண்டு எடைகளில் வாங்குவது பயன்.

நாள் முடிந்ததும் பயன்படுத்திய ஃப்ளைகளைப் பெட்டிக்குள் திரும்ப வைக்காதீர்கள். தொப்பியிலோ படகின் ஓரத்திலிருக்கும் நுரைப்பட்டையிலோ குத்திவைத்து, இரவு நல்ல தண்ணீரில் அலசி, மின்விசிறிக்குக் கீழே காயவிட்டுப் பிறகு வையுங்கள். ஈரமான ஒரு ஃப்ளை மூடிய பெட்டிக்குள் போனால் ஒரு வாரத்தில் பக்கத்திலிருக்கும் வீசாத புது ஃப்ளைகளின் முள்களும் செம்பழுப்பாகிவிடும். மான் முடித் தலை எல்லாவற்றையும்விடத் தாமதமாகக் காயும், ஸ்லைடருக்கு ஓர் இரவு போதாது.